கொட்டை எழுத்தின் குணம்



இந்த மேடையில் எனக்கு முன் பேசியவர்கள் புலவர்கள், ஆய்வாளர்கள். எழுதப்பட்ட நூல்களைப் பற்றிப் பேசினார்கள். நான் ஓர் எழுத்துருவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பதினேழு வயதில், மதுரையில் ஒரு ட்ரெடில் அச்சகத்தில், எழுத்துகளை அறையறையாகப் போட்டுவைக்கும் கேஸ் முன்னால் போய் நின்றவன் நான். கம்போசிங் கற்றுக்கொடுத்த பெரியவர் முதல் வாரம் முழுவதும் என்னை ஒரு வரிகூடக் கோக்க விடவில்லை. அச்சாகி முடிந்த எழுத்துகளைப் பிரித்து அறையறையாகப் போடுகிற வேலைதான். ஈயத்தில் இடவலம் மாறித் தெரிகிற எழுத்தைப் பார்த்தவுடன் இன்னதென்று சொல்லப் பழகிய பிறகுதான் எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கைக் கையில் கொடுத்தார்.

ஆங்கில வேலைகளுக்கென்று மூலையில் சில கேஸ்கள் இருந்தன. அவற்றில் ஒன்றின் முகப்பில் சாக்பீஸால் ‘கிளாரண்டன்’ என்று எழுதியிருக்கும். லெட்டர்பேடில் கடைப் பெயர், பில் புத்தகத்தில் முதலாளி பெயர் என்றால் அந்தக் கேஸைத்தான் இழுப்பார்கள். “இது ஆள் பேரா, ஊர் பேராண்ணே?” என்று ஒருநாள் அந்தப் பெரியவரைக் கேட்டேன். “கொட்டை எழுத்துடா. போட்டா நிக்கும்” என்றார். அவர் சொன்னது பெயர்க் காரணமில்லை. ஆனாலும் அந்த எழுத்தைப் பற்றி அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஏன் நிற்கிறது, எதன்மேல் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்குத்தான் நெடுங்காலம் ஆயிற்று.

‘கொட்டை எழுத்தில் போட்டான்’ என்று நாம் சொல்லும்போது அதில் ஓர் இளக்காரம் இருக்கும். சத்தம் போடுகிறவன், விளம்பரம் தேடுகிறவன் என்று பொருள். தடித்த எழுத்துக்கு அந்தக் கெட்ட பெயர் நியாயமாகவே வந்தது. அது பிறந்த இடம் அப்படி.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்து லண்டனைப் பாருங்கள். அதுவரை அச்சு என்றால் புத்தகம். இப்போது சுவர் வந்துவிட்டது. நாடகக் கொட்டகைக்காரன், பண்டம் விற்பவன், ஏலக்காரன் எல்லாருக்கும் நடந்துபோகிறவன் கண்ணைப் பிடித்து நிறுத்தும் எழுத்து வேண்டும். ராபர்ட் தோர்ன் என்ற எழுத்து வார்ப்பவர், புத்தக எழுத்தின் தடித்த கோடுகளை ஊதிப் பெருக்கி, மெல்லிய கோடுகளை மயிரிழையாகவே விட்டு, வயிறு பெருத்த ஓர் எழுத்தைக் கொண்டுவந்தார். ‘கொழுத்த முகம்’ என்றே அதற்குப் பெயர். அரசே நடத்திய லாட்டரிக்கு லண்டன் சுவர்களில் ஒட்டிய விளம்பரங்கள் இந்த எழுத்தின் பெரிய வாடிக்கை. தோர்ன் இறந்த பிறகு 1820இல் அவருடைய ஃபேன் தெரு வார்ப்படச் சாலை ஏலத்துக்கு வந்தது. வாங்கியவர் வில்லியம் தோரோகுட். எழுத்துத் தொழிலுக்கே புதியவர். லாட்டரியில் விழுந்த பணத்தில் வாங்கினார் என்று அச்சு வரலாற்று நூல்கள் சொல்கின்றன. லாட்டரியைக் கூவி விற்ற எழுத்துச் சாலை, லாட்டரிக் காசுக்கே போனது. 2003க்கு முன் நம் பேருந்து நிலையங்களில் லாட்டரிச் சீட்டு விற்றதைக் கேட்டவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். அந்தக் குரலை எழுத்தாக்கினால் தோர்னின் கொழுத்த முகம்தான்.

அதே காலத்தில் இன்னொரு முரட்டு எழுத்தும் வந்தது. கோடுகள் எல்லாம் ஒரே தடிமன். எழுத்தின் கை கால் முனைகளில் குறுக்கே வைக்கும் சிறு கட்டை இருக்கிறதே, செரிஃப், அதுவும் கோட்டுக்குச் சமமான கனம். செங்கல்லை அடுக்கியதுபோல இருக்கும். வின்சென்ட் ஃபிக்கின்ஸ் இதை ‘ஆன்டிக்’ என்று விற்றார். மற்றவர்கள் ‘எகிப்தியன்’ என்றார்கள். நெப்போலியனின் படையெடுப்புக்குப் பிறகு ஐரோப்பாவில் எகிப்துப் பித்து தலைக்கேறியிருந்த நேரம். மற்றபடி அந்த எழுத்துக்கும் எகிப்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இந்த இரண்டும் சுவருக்குச் சரி. புத்தகத்துக்குள் கொண்டுவந்தால் என்ன ஆகும்? சின்ன அளவில் வார்த்தால் கொழுத்த முகத்தின் மயிரிழைக் கோடு அச்சில் பிடிக்காது. வயிறு மட்டும் கறுப்பாக நிற்கும். எகிப்தியனோ வரி நடுவே பாறாங்கல்லைப் போட்டதுபோல் உட்காரும். சுற்றியுள்ள எழுத்தோடு பேச்சுவார்த்தையே இராது.

ஆனால் தடித்த எழுத்தைப் புத்தகத்துக்குள் கொண்டுவர வேண்டிய தேவை அதற்குள் வந்துவிட்டது. இங்கே நம்முடைய ஒரு செய்தியை நினைத்துக்கொள்கிறேன். நிகண்டு என்பது செவிக்கான நூல். செய்யுளாக இருக்கும், மனப்பாடம் செய்துவிட்டால் தேடவே வேண்டாம், நாக்கில் வரும். 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதி செய்தபோது சொற்களை அகர வரிசையில் வைத்தார். அன்றைக்குச் சொல்தேடும் வேலை செவியிலிருந்து கண்ணுக்கு மாறிவிட்டது. அகராதியை யாரும் படிப்பதில்லை, தேடுகிறார்கள். கண் ஒரு பக்கத்தை மேலிருந்து கீழ்வரை வழுக்கிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் டக்கென்று நிற்க வேண்டும். படிக்கிற நூலுக்கு ஏற்ற எழுத்து வேறு, தேடுகிற நூலுக்கு வேண்டிய எழுத்து வேறு.

இங்கிலாந்தில் 1830களிலும் 40களிலும் தேடுகிற நூல்கள் பெருகின. ரயில் வந்தது, 1839இல் பிராட்ஷாவின் ரயில் கால அட்டவணை வரத் தொடங்கியது. விலைப்பட்டியல், சட்டத் தொகுப்பு, பாடநூல், அகராதி எல்லாவற்றிலும் ‘இங்கே பார்’ என்று விரல் நீட்ட ஓர் எழுத்து தேவைப்பட்டது. அதுவரை அந்த வேலையைச் செய்தவை சாய்வெழுத்தும் பெரிய எழுத்தும் பழைய கறுப்பெழுத்தும். சாமுவேல் ஜான்சன் தம் 1755 அகராதியில் தலைச்சொற்களை எல்லாம் பெரிய எழுத்தில்தான் போட்டார். அது நிமிர்ந்து நிற்கும். ஆனால் சொல்லின் இயல்பான உருவம் போய்விடும். சாய்வெழுத்து இன்னும் மோசம். அது மெலிந்தது, காதோரம் ரகசியம் சொல்லும், கூட்டத்தில் கைதூக்காது.

1845இல் அதே ஃபேன் தெரு வார்ப்படச் சாலையிலிருந்து விடை வந்தது. அப்போது அங்கே தோரோகுட்டின் பங்காளியாக இருந்தவர் ராபர்ட் பெஸ்லி. எழுத்தை வெட்டியவர் பெஞ்சமின் ஃபாக்ஸ். வெட்டுவது என்றால், எஃகுத் துண்டின் முனையில் எழுத்தைப் புடைப்பாக அரத்தாலும் உளியாலும் கொண்டுவருவது. பிறகு அதைச் செம்பில் அடித்துப் பள்ளமாக்கி, அந்தப் பள்ளத்தில் காரீயமும் ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்த கலவையை ஊற்றுவார்கள். கிளாரண்டன் என்ற பெயர் ஆக்ஸ்போர்டின் கிளாரண்டன் அச்சகத்தை நினைத்து வைத்தது என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. பெஸ்லியைப் பற்றி ஒன்று: பின்னாளில், 1869இல், அவர் லண்டன் மாநகரின் மேயரானார். எழுத்து வார்க்கிறவன் மேயராக வந்த ஊர் அது.

தடித்த எழுத்தை வரிக்குள் செருகும் வழக்கம் அதற்கு முன்பும் ஆங்காங்கே உண்டு. அந்த வேலைக்கென்றே ஓர் எழுத்தை வெட்டியதுதான் இங்கே புதிது. சாதாரண எழுத்தோடு ஒரே வரியில், ஒரே அடிக்கோட்டில் உட்கார வேண்டும். பக்கத்து எழுத்தை இடித்துத் தள்ளக்கூடாது. ஆனாலும் கண்ணில் பட வேண்டும். முதல் கிளாரண்டன் சற்றே ஒடுங்கியது. வரியில் இடம் அதிகம் தின்னாது. இன்று கணினியில் ‘போல்டு’ பொத்தானை அமுக்குகிறீர்களே, சாதாரண எழுத்துக்குத் துணையாக ஒரு தடித்த எழுத்து உடன்பிறப்புபோல வருகிறதே, அந்த எண்ணத்தின் மூத்த பிள்ளை இதுதான்.

அந்த எழுத்தின் உடம்பைக் கொஞ்சம் பார்ப்போம். தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது, ஆனால் குறைவு. கொழுத்த முகத்தின் மயிரிழை இதில் இல்லை; எகிப்தியனின் ஒரே தடிமனும் இல்லை. சின்ன ‘ஏ’, ‘சி’, ‘ஆர்’ எழுத்துகளின் நுனியில் குன்றிமணிபோல ஓர் உருண்டை. பெரிய ‘ஆர்’ எழுத்தின் கால் நேராக இறங்காமல் நுனியில் வளைந்து மேலே தூக்கும், செருப்பு மாட்டிக்கொண்டதுபோல. ஆனால் இதன் உயிர் இருப்பது கோடும் செரிஃபும் சேருகிற மூலையில். எகிப்தியனில் அவை செங்கோணத்தில் முட்டிக்கொள்ளும். கிளாரண்டனில் கோடு வளைந்து இறங்கிச் செரிஃபில் கலக்கும்.

இதை நம் மாணவர்களுக்கு விளக்க நான் கோவில் மண்டபத்துக்குத்தான் கூட்டிக்கொண்டு போவேன். தூணின் தலையில், உத்திரத்தைத் தாங்க, இரு பக்கமும் நீட்டிக்கொண்டு போதிகை இருக்கிறதல்லவா? தூண் நேரே உத்திரத்தில் முட்டினால் பாரம் ஒரே இடத்தில் விழும். போதிகை அந்தப் பாரத்தைப் பரப்பி வாங்குகிறது. பார்வைக்கும் அப்படியே: கல் கல்லின்மேல் முட்டாமல், கை விரித்து ஏந்துவதுபோலத் தெரிகிறது. கிளாரண்டனின் வளைவுக்கு அதே இரட்டை வேலை. அச்சு இயந்திரத்தின் அழுத்தத்தில் செரிஃப் முனை ஒடியாமல் காக்கும். கண்ணை ஒரு கோட்டிலிருந்து அடுத்ததற்கு வழுக்கி அனுப்பும். இவ்வளவு கனமான எழுத்து இவ்வளவு சாதுவாகத் தெரிவதற்குக் காரணம் அந்தச் சின்ன வளைவு. அச்சகத்துப் பெரியவர் “போட்டா நிக்கும்” என்றாரே, அது நிற்பது இதன் மேல்தான்.

பெஸ்லி இந்த வடிவத்தை 1845இலேயே சட்டப்படி பதிவு செய்தார். காப்புக் காலம் மூன்றே ஆண்டு. கெடு முடிந்ததுதான் தாமதம், போட்டி வார்ப்படக்காரர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கிளாரண்டனைக் கொண்டுவந்துவிட்டார்கள். கொஞ்ச காலத்தில் ‘கிளாரண்டன்’ என்பது ஒரு குறிப்பிட்ட எழுத்தின் பெயராக இல்லாமல், இங்கிலாந்து அச்சகங்களில் தடித்த எழுத்துக்கே பொதுப்பெயராகிவிட்டது. பிரதியெடுக்கும் இயந்திரம் எதுவானாலும் நமக்கு ஜெராக்ஸ் ஆன மாதிரி. பெஸ்லிக்கு அது கசப்பு. அந்த எழுத்துக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது என்பது என் கட்சி.

அகராதிக்கு வருகிறேன். ஜேம்ஸ் மர்ரே பதிப்பித்த ஆங்கிலப் பேரகராதியின் முதல் பகுதி 1884இல் வந்தது. முழுவதும் முடிய 1928 ஆயிற்று. வெளியிட்டது ஆக்ஸ்போர்டின் கிளாரண்டன் அச்சகம். அதில் தலைச்சொற்கள் கிளாரண்டன் எழுத்தில். பெயர் புறப்பட்ட வீட்டுக்கே எழுத்து போய்ச் சேர்ந்தது. அந்த அகராதிப் பக்கம் ஒன்றைத் திறந்து பாருங்கள்: சொல், ஒலிப்பு, வரலாறு, பொருள், ஆண்டு வாரியாக மேற்கோள்கள் என்று எறும்புப் புற்றாக இருக்கும். அந்தப் புற்றில் நமக்கு வேண்டிய சொல் மட்டும் கறுப்பாக நின்று கூப்பிடும். கண்டுபிடித்துப் படிக்கத் தொடங்கியதும் ஒதுங்கிக்கொள்ளும். கூப்பிடத் தெரிந்த அளவுக்கு ஒதுங்கவும் தெரிய வேண்டும். தடித்த எழுத்தில் நான் தேடுகிற குணம் அது.

அமெரிக்காவுக்குப் போனதும் கிளாரண்டன் பழைய புத்திக்குத் திரும்பிவிட்டது. அங்கே சுவரொட்டிக்கான பெரிய எழுத்தை ஈயத்தில் வார்த்தால் பாரமும் அதிகம், விலையும் அதிகம். 1827இல் நியூயார்க்கின் டேரியஸ் வெல்ஸ் மர எழுத்தைக் கடைந்தெடுக்க ஓர் இயந்திரம் கண்டார். மறு ஆண்டு எழுத்துப் பட்டியலும் வெளியிட்டார். மரத்தில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்றானதும், கிளாரண்டனின் செரிஃபைப் பிடித்து மேலும் கீழும் தடிக்கவைத்து நடுவை மெலியவைத்தார்கள். அதற்குப் ‘பிரெஞ்சு கிளாரண்டன்’ என்று பெயர். அந்தக் காலத்தில் மதுரைக் கொட்டகைகளில் கௌபாய் படம் பார்த்தவர்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. குதிரைக்காரனின் படத்தைப் போட்டு ‘உயிரோடோ பிணமாகவோ’ என்று மரத்தில் ஆணி அடித்திருப்பார்களே, அந்த எழுத்து. பார்க்க ரசமாக இருக்கும். ஒரு பத்தி படிக்க முடியாது.

நாளிதழ் வேறு வழியில் போயிற்று. மட்டமான தாள், நீர்த்த மை, வளைந்த வார்ப்புத் தகட்டில் அதிவேக ரோட்டரி. அதில் மெல்லிய செரிஃப் எழுத்து சீக்கிரமே பல்லிளித்துவிடும். லைனோடைப் நிறுவனத்தின் கிரிஃபித், கிளாரண்டனின் சுற்றத்து எழுத்தான அயோனிக்கை எடுத்து, தடிமனைக் குறைத்து, உறுதியான செரிஃபையும் திறந்த வயிற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு, 1920களின் நடுவில் செய்தி எழுத்தாக்கினார். அயோனிக் எண் 5 முதலில் நியூவார்க்கின் ஒரு மாலை நாளிதழில் வந்து, பிறகு உலகெங்கும் பரவியது. செய்திப் பத்தியைத் தாங்கியது தடித்த எழுத்தின் எலும்பு. சதையை மட்டும் குறைத்துக்கொண்டார்கள்.

1953இல் சுவிட்சர்லாந்தின் ஹாஸ் வார்ப்படச் சாலைக்காக ஹெர்மன் ஐடன்பென்ஸ் கிளாரண்டனைப் புதிதாக வரைந்தார். விக்டோரியா காலத்துப் புழுதியைத் தட்டி, கோடுகளைச் சீராக்கி, எழுத்தை அகலப்படுத்தினார். இன்று உங்கள் கணினியில் கிளாரண்டன் என்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இவருடைய கையின் வழிவந்தவை. இரண்டு ஆண்டுகளில் ஃப்ரீமன் கிரா அமெரிக்காவில் ஒன்று செய்தார். இதே ஹாஸ் சாலையிலிருந்துதான், ஐடன்பென்ஸின் கிளாரண்டனுக்கு நான்கு ஆண்டு கழித்து, செரிஃபே இல்லாத ஹெல்வெட்டிகா வேறொரு பெயரில் புறப்பட்டது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். போதிகையோடு ஒரு மண்டபமும் போதிகை இல்லாமல் ஒரு மண்டபமும் ஒரே சிற்பிகள் பட்டறையில்.

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் பழுப்பு நிறப் பலகைகளில் வெள்ளை எழுத்தாக நெடுங்காலம் நின்றது கிளாரண்டன். காடு, அருவி, பள்ளத்தாக்கு என்று வழிகாட்டுவதற்கு இரும்புபோன்ற எழுத்தைவிட மரம்போன்ற எழுத்துப் பொருந்தும் என்று யாரோ உணர்ந்திருக்கிறார்கள். 2000 வாக்கில் அந்த இடத்துக்கு ராலின்சன் என்ற புதிய எழுத்தைக் கொண்டுவந்தார்கள். கிளாரண்டன் அகலமானது, ஓடும் காரிலிருந்து படிக்க வேண்டிய பலகையில் இடம் அதிகம் பிடிக்கும். மாற்றியது நியாயம்தான். தன் வேலை எதுவோ அதற்குத்தான் எழுத்து.

இனி நம் பக்கம் ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் ஒரு சொல்லை எடுத்துக்காட்டப் பெரிய எழுத்து உண்டு, சாய்வெழுத்து உண்டு, தடித்த எழுத்து உண்டு. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவே இல்லை. சாய்வெழுத்து நம் மரபில் இல்லை. கணினி சாய்த்துத் தருவது காற்றில் சாய்ந்த வாழை மாதிரி. ஆக எஞ்சியது தடிமன் ஒன்றுதான். ஆங்கிலத்துக்குத் தடித்த எழுத்து பல கருவிகளில் ஒன்று. நமக்கு அதுதான் முதல் கருவி. அப்படியிருக்க அதை எவ்வளவு கவனமாகச் செய்ய வேண்டும்?

நான் செய்த பிழையையே சொல்கிறேன். கணினி வந்த புதிதில், ஓர் ஆசிரியரின் பணி நிறைவு விழாவுக்கு அழைப்பிதழ் செய்தேன். கையிலிருந்த எழுத்துருவுக்குத் தடித்த வடிவம் தனியாக இல்லை. போல்டு பொத்தானை அமுக்கினேன். இருக்கிற கோட்டுக்கு வெளியிலும் உள்ளிலும் கணினி மை பூசிக் கொடுத்தது. திரையில் நன்றாக இருந்தது. அச்சாகி வந்தபோது ‘ணி’யின் சுழிகள் அடைத்துக்கொண்டன. மூன்று சுழியா இரண்டு சுழியா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ‘பனி நிறைவு விழா’ என்றே ஊர் படித்தது. தலைமையாசிரியர் என்னைப் பார்த்து, “ஊட்டியிலயா தம்பி விழா?” என்றார். முந்நூறு அழைப்பிதழை என் செலவில் மறுபடி அடித்தேன்.

கோட்டைத் தடிக்கவைத்தால் வயிறு சுருங்கும். வயிறு சுருங்காமல் இருக்க எழுத்தை அகலமாக்க வேண்டும். சுழி சேரும் இடத்தில் கோட்டை மெலியவைக்க வேண்டும். புள்ளியை எழுத்தோடு ஒட்டாமல் ஒரு நூல் மேலே தூக்க வேண்டும். ஃபாக்ஸ் எஃகில் செய்தது இந்தக் கணக்குத்தான். பூசிப் பெருக்கினால் வீக்கம். வெட்டிச் செய்தால் உடம்பு. தமிழ் எழுத்துருவாக்கத்தில் இறங்கும் மாணவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே: சாதாரண வடிவத்தை முடித்துவிட்டு மீந்த நேரத்தில் தடித்த வடிவத்தைச் செய்யாதீர்கள். முதலில் ‘ண’, ‘ஞ’, ‘ஐ’, ‘னை’ நான்கையும் எட்டுப் பாயிண்டில் தடிக்கவைத்துப் பாருங்கள். அவை பிழைத்தால் மற்றவை தானே பிழைக்கும்.

பயன்படுத்துகிறவர்களுக்கும் ஒன்று. ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று இடத்துக்கு மேல் கொட்டை எழுத்து வேண்டாம். பந்தியில் எல்லா இலைக்கும் முதல் இலை என்று பெயர் வைக்க முடியாது. இன்று சில பாடநூல்களில் பாதிப் பத்தி தடித்திருக்கிறது. பிள்ளை எதைத்தான் தேடுவது?

மேடைக்குக் கீழே அந்த மேசையில் பழைய கிளாரண்டன் எழுத்துகள் கொஞ்சம், ஈயத்தில், பரப்பி வைத்திருக்கிறேன். எடைக்குப் போட இருந்த கேஸிலிருந்து நான் மீட்டவை. கூட்டம் முடிந்ததும் எடுத்துப் பாருங்கள். அந்த வளைவை நகத்தால் தடவிப் பாருங்கள். ஈயம் என்பதால், கையைக் கழுவிவிட்டு அப்புறம் காபிக்குப் போங்கள்.